உணவு சர்வே: தாளில் எடுப்பதா, லிங்க் அனுப்புவதா?

கேள்வி: கடலூரில் எம்.எஸ்சி. உணவும் ஊட்டச்சத்தும் படிக்கிறேன். 30 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுதான் என் ப்ராஜெக்ட். 110 உணவுகள் உள்ள எஃப்.எஃப்.க்யூ. (எந்த உணவை எத்தனை தடவை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் கேள்வித்தாள்) வைத்திருக்கிறேன். பைலட்டில், அதாவது மெயின் ஸ்டடிக்கு முந்தைய சோதனைச் சுற்றில், தேவனாம்பட்டினத்தில் 30 பேரிடம் தாளில் எடுத்தேன். அதே கேள்விகளை கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதில் 64 பேர் நிரப்பினார்கள். ஆன்லைனில் வந்தவர்களுக்குப் பழமும் பாலும் அதிகம், சோறு குறைவு, மீன் பாதிகூட இல்லை. தாள்தான் நம்பகம் என்கிறார் கைடு. இந்தக் காலத்தில் யார் தாளைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள் என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். எதை நம்புவது? மெயின் ஸ்டடிக்கு 300 பேர் வேண்டும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நான்கு மாதம்தான் இருக்கிறது. (கடலூர் வாசகி)

வணக்கம். பைலட்டில் வந்த அந்த வித்தியாசத்தை வைத்து தாள் சரியா ஆன்லைன் சரியா என்று எதுவுமே சொல்ல முடியாது. நீங்கள் ஒப்பிட்டிருப்பது இரண்டு விதமான ஆட்களை. தேவனாம்பட்டினத்தில் படகு கரைக்கு வந்தால் விற்றது போக மிச்சம் வீட்டுக் குழம்புக்குப் போகும், வராத நாளில் கருவாடு இருக்கும். உங்கள் லிங்க் எந்த வழியாகப் போனது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் உங்கள் வகுப்பு குரூப், அங்கிருந்து யாரோ ஒருவருடைய அக்கா வேலை பார்க்கும் ஸ்கூலின் டீச்சர்கள் குரூப், அப்புறம் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து குடும்ப குரூப்புகள், நெய்வேலி டவுன்ஷிப், பாண்டியில் லாஸ்பேட்டை வரைக்கும் போயிருக்கும். மாதச் சம்பளம் வருகிற வீடுகள், சைவ வீடுகள், காலையில் ஓட்ஸ் சாப்பிட ஆரம்பித்தவர்கள் எல்லாம் அதில் கூடுதலாக இருப்பார்கள். பழம் கூடத்தான் செய்யும், மீன் குறையத்தான் செய்யும். அந்த 94 பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே வித்தியாசம்தான் வந்திருக்கும்.

இன்னொரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. தேவனாம்பட்டினத்தில் தாளை அவர்களே நிரப்பினார்களா, நீங்கள் கேள்வியைப் படித்துக் கேட்டு டிக் போட்டீர்களா? "எடுத்தேன்" என்று எழுதியிருப்பதால் நீங்கள்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் வித்தியாசம் இரண்டோடு நிற்கவில்லை. ஆள் வேறு, தாள்-திரை வேறு, எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்பதும் தனியாக நிரப்புவதும் வேறு. இந்த மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும்போது எது எதனால் வந்தது என்று எந்த சாஃப்ட்வேராலும் பிரித்துக் காட்ட முடியாது.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊட்டச்சத்து படிக்கிற பெண் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து "வாரத்துக்கு எத்தனை தடவை கீரை சமைப்பீங்க?" என்று கேட்டால், வாரத்துக்கு ஒரு தடவை சமைக்கிறவரும் ரெண்டு மூணு தடவை என்றுதான் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வது மனித இயல்பு. குடியைப் பற்றிக் கேட்கும்போது இது இன்னும் மோசம். பாண்டி, கடலூர் பக்கம் ஆண்களின் உணவைக் கணக்கெடுக்கும்போது மதுவை விட்டுவிட்டால் கலோரிக் கணக்கில் பெரிய ஓட்டை விழும், ஆனால் மனைவியும் மாமியாரும் பக்கத்தில் நிற்க ஒரு பெண்ணிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்? இந்த மாதிரிக் கேள்விகளுக்குத் தனியாக நிரப்பும்போதுதான் பதில் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. உணவு என்று மட்டும் இல்லை, கூச்சம் வருகிற எந்த விஷயத்திலும் சர்வே எடுப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பது இதுதான். அதே சமயம் எதிரில் ஆள் இருப்பதால் லாபமும் உண்டு. ஒருவர் "முட்டை, தினமும் நாலைந்து" என்று டிக் போட்டால், "நாலைந்தா, வீட்டுக்கே சேர்த்தா?" என்று நீங்கள் அங்கேயே கேட்டுவிடலாம்.

சரி, தாளையும் ஆன்லைனையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் உங்களுக்கு நல்ல வழி இதுதான். ஒரே ஆள் இரண்டையும் நிரப்ப வேண்டும், இரண்டையும் அவரே தன் கையால் நிரப்ப வேண்டும், பாதிப் பேர் முதலில் தாளிலும் மீதிப் பாதி முதலில் போனிலும் தொடங்க வேண்டும். யார் எதில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கியோ கம்ப்யூட்டரில் ராண்டம் எண் எடுத்தோ முடிவு செய்யுங்கள், உங்கள் விருப்பத்துக்கோ அவர்கள் விருப்பத்துக்கோ விடாதீர்கள். எல்லோருக்கும் முதலில் தாள், பிறகு போன் என்று வைத்தால், இரண்டாவது தடவை நிரப்பும்போது கேள்விகள் பழகிப்போனதால் வந்த மாற்றத்தையும் போனின் தலையில் கட்டிவிடுவோம். 50 பேருக்குக் குறையாமல், முடிந்தால் 80, 100 பேர் வரை இதைச் செய்ய வேண்டும்.

இரண்டு தடவைக்கும் நடுவில் எத்தனை நாள் விடுவது என்பதில்தான் நம் ஊரில் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்று நாளில் திரும்பக் கொடுத்தால் போன தடவை போட்ட டிக் நினைவில் இருக்கும், ஆறு மாதம் விட்டால் சாப்பாடே மாறிவிடும். நான்கு வாரம் என்பது பொதுவாக நல்ல இடைவெளி. ஆனால் எந்த நான்கு வாரம்? கேள்வித்தாளில் "கடந்த ஒரு வருடத்தில்" என்று தலைப்பில் பெரிதாகப் போட்டிருந்தாலும், மனிதர்கள் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பதை வைத்துத்தான் போன வருடத்தையும் நினைத்துப் பார்க்கிறார்கள். ஆடியில் மாரியம்மன் கோயில் கூழ் ஓடிக்கொண்டிருக்கும்போது கேழ்வரகு வரிசையில் டிக் ஏறும். புரட்டாசியில் பெருமாளுக்கு விரதம் இருக்கிற வீட்டில் கறி, மீன், முட்டை வரிசைகள் இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும், அப்போது கேட்டால் வஞ்சிரத்துக்கு ஒரு பதில் வரும், ஜூலையில் கேட்டால் வேறு பதில் வரும். பண்ருட்டியில் பலாப்பழ சீசனில் கேட்பதும் கார்த்திகையில் கேட்பதும் ஒன்றா? ஆவணியில் தாளைக் கொடுத்துப் புரட்டாசியில் லிங்க் அனுப்பினால் "ஆன்லைனில் அசைவம் குறைவாகப் பதிவாகிறது" என்று அழகாக ஒரு முடிவு எழுதிவிடலாம், அது முழுக்கத் தப்பாக இருக்கும். முறையைப் பாதிப் பாதியாக மாற்றித் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், மாதத்தின் பாதிப்பு இரண்டு பக்கமும் சமமாக விழும்.

இனி தாளும் போனும் தம்மளவில் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்போம். ஒருவர் தன் கையால் நிரப்பிய தாள் ஒன்றை எடுத்து நிதானமாகப் பாருங்கள். முதல் பக்கத்தில் இட்லி, தோசை, சோறு எல்லாம் ஒழுங்காக டிக் ஆகியிருக்கும். மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது நடுநடுவே வரிசைகள் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்துக்கு என்ன அர்த்தம்? "நான் இதைச் சாப்பிடுவதே இல்லை, எதற்கு டிக்" என்று விட்டதா, கண் தவறி விட்டதா? தாளில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆய்வு செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் காலியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறார்கள், அதனால் தாளில் மொத்த கலோரி கொஞ்சம் குறைந்து வரும். ஒரே வரிசையில் இரண்டு டிக் இருக்கும். ஓரத்தில் பென்சிலில் "வெள்ளிக்கிழமை கெடையாது", "மாம்பழம் சீசன்ல மட்டும் தினம்" என்று எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்புகள் எனக்கு மிகவும் பிடிக்கும், கேள்வித்தாள் எங்கே சரியில்லை என்பதை அவைதான் நமக்குச் சொல்லும். ஆன்லைனில் அந்த ஓரமே கிடையாது. அதனால் ஆன்லைன் ஃபார்மில் ஒவ்வொரு பகுதி முடிவிலும் "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ஒரு பெட்டி கட்டாயம் வையுங்கள்.

அடுத்து போனில் உங்கள் ஃபார்மைத் திறந்து பாருங்கள், லேப்டாப்பில் பார்க்காதீர்கள், ஆறு ஏழாயிரம் ரூபாய் போன் ஒன்றில் பாருங்கள். எஃப்.எஃப்.க்யூ.வில் வழக்கமாக ஒன்பது கட்டங்கள் இருக்கும்: மாதம் ஒரு தடவைக்கும் குறைவு, மாதம் 1 முதல் 3, வாரம் 1, வாரம் 2 முதல் 4, வாரம் 5 முதல் 6, தினம் 1, தினம் 2 முதல் 3, தினம் 4 முதல் 5, தினம் 6 அல்லது அதற்கு மேல். தாளில் ஒன்பதும் ஒரே பார்வையில் தெரியும். போனில் கிரிட் கேள்வியாகப் போட்டால் முதல் மூன்று நான்கு கட்டம்தான் தெரியும், மீதியைப் பார்க்க விரலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தள்ள வேண்டும் என்றே பலருக்குத் தெரியாது. தினமும் மூன்று டம்ளர் காபி குடிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற கடைசிக் கட்டத்தில் "வாரம் 2 முதல் 4" என்று அழுத்திவிட்டுப் போவார். கட்டங்களை நீங்கள் எந்த வரிசையில் வைத்தீர்களோ அந்தப் பக்கமே தவறும் சாயும். உங்கள் ஆன்லைன் டேட்டாவில் சோறு குறைந்ததில் ஒரு பங்கு இதனால்கூட இருக்கலாம், போய்ச் சரிபாருங்கள். கிரிட்டை எடுத்துவிட்டு ஒரு திரைக்கு ஒரு உணவு, பதில்கள் மேலிருந்து கீழாக, விரல் படுகிற அளவு பெரிதாக வையுங்கள். ஃபார்ம் நீளமாகும், பரவாயில்லை.

எல்லாக் கேள்வியையும் கட்டாயம் என்று போட்டால் காலி வரிசைப் பிரச்சினை தீரும் என்று நினைப்பீர்கள். தீரும், ஆனால் வேறொன்று வரும். 70வது உணவுக்கு மேல் அலுத்துப்போய் ஒரே கட்டத்தை வரிசையாக அழுத்திக்கொண்டு போவார்கள், அல்லது பாதியில் மூடிவிடுவார்கள். பாதியில் மூடியவர்கள் கூகுள் ஃபார்மில் உங்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள், கடைசியில் சமர்ப்பித்தவர்கள் மட்டும்தான் ஷீட்டுக்கு வருவார்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதும் அதில் தெரியாது, இந்த மாதிரி ஸ்டடிக்கு அந்த நேரம் மிக முக்கியம். அதனால் டேட்டா சேகரிக்கவென்றே செய்த கோபோடூல்பாக்ஸ், ஓ.டி.கே., உங்கள் கல்லூரியிலோ பக்கத்து மருத்துவக் கல்லூரியிலோ இருந்தால் ரெட்கேப், இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள். முதல் இரண்டும் இணையம் இல்லாத இடத்திலும் போனில் வேலை செய்யும், சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளும். தமிழில் கேள்வி வைக்கலாம். தொடங்கிய நேரம் முடித்த நேரம் பதிவாகும். 110 கேள்வியை நான்கு நிமிடத்தில் முடித்தவரைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைனின் பெரிய பலம் படம்தான். தாளில் "ஒரு கப்" என்று போட்டால் யார் வீட்டுக் கப்? போனில் ஒரே தட்டில் மூன்று அளவு சோறு வைத்து எடுத்த மூன்று படத்தைக் காட்டி எது உங்களுடையது என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் உருவான இன்டேக்24 என்ற ஆன்லைன் உணவுக் கணக்கெடுப்பு இப்படி உணவுப் படங்களைக் காட்டித்தான் அளவைக் கேட்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கிற படத்தைப் போடாதீர்கள். நம் வீட்டு எவர்சில்வர் தட்டு, குழிக்கரண்டி, டபரா டம்ளர் இவற்றில் நீங்களே வைத்து, கிச்சன் தராசில் எடை போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்துப் படம் எடுங்கள். அதே படங்களை அச்சடித்துத் தாளோடும் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது படத்தையும் படமில்லாததையும் என்று ஆகிவிடும்.

தாள் பக்கம் இன்னொரு செலவும் இருக்கிறது. 110 உணவு, 300 பேர் என்றால் 33,000 கட்டங்களை எக்ஸெலில் அடிக்க வேண்டும், தவறைப் பிடிக்க இரண்டு தடவை அடித்தால் 66,000. இரவு பதினொரு மணிக்கு அடிக்கும்போது ஒரு வரிசை தள்ளிப்போனால் ஒருவருடைய மத்தி மீன் அடுத்தவரின் மைசூர்பாகு ஆகிவிடும். தாள்தான் நம்பகம் என்று கைடு சொன்னால், டபுள் என்ட்ரி செய்யாத தாளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

கணக்கு. இரண்டு முறைகளுக்கும் கோரிலேஷன் (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண், அதிகபட்சம் 1) 0.8 வந்தது, அதனால் இரண்டும் ஒன்று என்று எழுதாதீர்கள். மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் 1600, 1800, 2000 கலோரி. போனில் அதே மூவருக்கு 2000, 2200, 2400. கோரிலேஷன் சரியாக 1. ஆனால் ஒவ்வொருவருக்கும் 400 கலோரி கூடுதல், கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான். அவர்கள் சொன்னபடி ஒவ்வொருவருக்கும் இரண்டின் வித்தியாசத்தை எடுத்து, இரண்டின் சராசரிக்கு எதிராகப் புள்ளி வைத்துப் பாருங்கள். சராசரி வித்தியாசம் எவ்வளவு, 95 சதவீதம் பேரின் வித்தியாசம் எந்த எல்லைக்குள் நிற்கிறது, அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் வித்தியாசம் விரிந்துகொண்டே போகிறதா என்பதெல்லாம் கண்ணால் தெரியும். அப்புறம் எல்லோரையும் தாளின்படி நான்கு வகுப்பாகவும் போனின்படி நான்கு வகுப்பாகவும் பிரித்து, எத்தனை பேர் அதே வகுப்பில் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டார்கள் என்று பாருங்கள், வெயிட்டட் கப்பா (இரண்டு வகுப்புப் பிரிப்பும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்) போடுங்கள். எஃப்.எஃப்.க்யூ.வின் வேலையே ஆட்களை அதிகம், குறைவு என்று வரிசைப்படுத்துவதுதான் என்பதால் உங்கள் ஸ்டடிக்கு இந்தக் கடைசிக் கணக்கைத்தான் நான் அதிகம் மதிப்பேன்.

இவ்வளவும் செய்து இரண்டும் நன்றாக ஒத்துப்போனாலும், ஒத்துப்போனது என்பதற்கு உண்மை என்று அர்த்தம் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம் ஒரே மாதிரி கால் மணி நேரம் பின்னால் ஓடினால் இரண்டும் ஒத்துத்தான் போகும். தாளில் எண்ணெயை மறந்தவர் போனிலும் மறப்பார். அமெரிக்காவில் நடந்து 2003இல் முடிவுகள் வெளியான ஓபன் (OPEN) என்ற ஸ்டடியில், 484 பேரின் உடல் செலவழிக்கும் சக்தியை இரட்டைக் குறியிட்ட நீர் முறையில் (ஐசோடோப்பு சேர்த்த நீரைக் குடிக்க வைத்து, பிறகு சிறுநீரைச் சோதித்துக் கணக்கிடுவது) அளந்து அதோடு அவர்கள் சொன்ன உணவை ஒப்பிட்டார்கள். எஃப்.எஃப்.க்யூ.வில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கலோரி குறைத்துச் சொல்லப்பட்டிருந்தது. 24 மணி நேர ரீகாலிலும் (முந்தைய ஒரு நாளில் சாப்பிட்டதையெல்லாம் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்வது) குறைந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. அந்த நீர் முறைக்கு ஆகும் செலவு ஒரு எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் நினைத்துப் பார்க்கக்கூட முடியாதது. ஆனால் இரண்டு முறையிலும் நிரப்புகிற அந்த 80 பேரில் 30, 40 பேரிடமாவது, அடுத்தடுத்து வராத மூன்று நாட்களுக்கு 24 மணி நேர ரீகால் எடுங்கள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாக இருக்கட்டும், கறி எடுக்கிற நாளை விட்டுவிட்டு நம் ஊர் உணவைக் கணக்கெடுக்க முடியாது.

ரீகால் எடுக்கும்போது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய வழக்கத்தைப் பின்பற்றுங்கள். மி.லி. அளவு தெரிந்த கப் செட்டைக் கையோடு கொண்டு போய், அடுப்பில் ஏறிய பச்சைப் பொருள் எவ்வளவு, சமைத்த குழம்பு மொத்தம் எத்தனை கப், இவர் ஊற்றிக்கொண்டது எத்தனை கப் என்று கேட்டு, இவர் பங்குக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய் போனது என்று கணக்குப் போட வேண்டும். அவர்களின் 2017 இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன, பெரும்பாலும் பச்சைப் பொருளாகத்தான் இருக்கும், மீன் குழம்பு என்று தேடினால் கிடைக்காது. எண்ணெயை யாரிடமும் "ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன்" என்று கேட்காதீர்கள், சமைக்கிறவருக்கே தெரியாது. மாதத்துக்கு வீட்டில் எத்தனை லிட்டர், ரேஷன் பாமாயில் எவ்வளவு, கடையில் வாங்கியது எவ்வளவு, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

உணவுப் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். வேறு ஊரில் செய்த பட்டியலை எடுத்திருந்தால் (சென்னையில் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் செய்தது 200 உணவுகளைத் தாண்டும், அதைச் சுருக்கித்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள்) மீனுக்கு இரண்டு வரிசைதான் இருக்கலாம். கடலூருக்கு அது போதாது, நெத்திலி, மத்தி, சங்கரா, கருவாடு எல்லாம் தனித்தனியாக வேண்டும். ஆனால் வரிசை கூடக் கூட மொத்தம் ஊதிப்போகும், பத்து வரிசை இருந்து ஒவ்வொன்றுக்கும் "வாரம் ஒன்று" என்று போட்டாலே வாரத்துக்குப் பத்து தடவை மீன் என்று ஆகிவிடும். கடைசியில் "மொத்தத்தில் வாரத்துக்கு எத்தனை தடவை மீன்?" என்று ஒரே ஒரு கேள்வி வைத்து, மேலே வந்ததை அந்த எண்ணுக்குத் தகுந்தபடி சுருக்கிக்கொள்ளுங்கள். காய்க்கும் பழத்துக்கும் இதே மாதிரி.

300 பேருக்கு என்ன செய்வது? லிங்க்கை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி ஆள் சேர்ப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 33.3 சதவீதம் பேர்தான் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருந்தார்கள், ஆண்களில் 57.1. அதற்குப் பிறகு போன் பரவியிருக்கிறது, தமிழ்நாடு முன்னேதான் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் மகன் கையில் என்கிற வீடுகளில் அம்மாவின் சாப்பாட்டை மகன்தான் நிரப்புவான், அம்மா கடைசியில் மிச்சத்தை வழித்துச் சாப்பிடுவது அவனுக்குத் தெரியாது. எல்லா வசதியும் இருக்கிற நாட்டிலேயே ஆன்லைன் வைத்தால் ஒரு சாராரே வருகிறார்கள். 2009இல் பிரான்சில் முழுக்க இணையத்தில் தொடங்கிய நியூட்ரிநெட்-சான்டே ஆய்வில் சேர்ந்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள். பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய உடல்நல ஆய்வில் இருக்கும் 5 லட்சம் பேரில் ஆன்லைன் உணவுக் கேள்விகளை ஒரு தடவையாவது நிரப்பியவர்கள் 2 லட்சத்துச் சொச்சம்தான். நீங்கள் யாருடைய உணவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இந்த ப்ராஜெக்டைத் தொடங்கினீர்களோ, சத்துக் குறைவு எங்கே அதிகமோ, அந்தப் பெண்கள்தான் லிங்க்கில் முதலில் விடுபட்டுப் போவார்கள். அது எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் ஆளை முறையாகத் தேர்ந்தெடுங்கள், வார்டு எடுத்து, தெரு எடுத்து, வீடு எடுத்து நேரில் போங்கள். வீட்டில் போய், போனில் தானே நிரப்பத் தெரிந்தவருக்கு உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டையோ அவருடைய போனில் லிங்க்கையோ கொடுங்கள், வேண்டாம் என்பவருக்கு நீங்கள் கேட்டு அதே ஃபார்மில் பதியுங்கள். தாள் கையில் நான்கைந்து இருக்கட்டும், சார்ஜ் தீர்ந்தால் உதவும். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பே டேப்லெட்டில்தான் எடுக்கப்பட்டது, கையில் டேப்போடு வீடு வீடாகப் போவது இப்போது யாருக்கும் புதிதில்லை. யார் தானே நிரப்பினார், யாரிடம் நீங்கள் கேட்டீர்கள் என்று ஷீட்டில் ஒரு தனி நெடுவரிசை கட்டாயம் வையுங்கள், அனாலிசிஸில் அது வேண்டும். அந்த 80 பேரில் ஒரு 20 பேரிடம் நீங்களும் கேட்டுப் பதிந்தால், கேட்பதற்கும் தானே நிரப்புவதற்கும் உள்ள இடைவெளி ஓரளவு கையில் கிடைக்கும். ஈமெயில், போன் எண், பெயர் எல்லாவற்றையும் வாங்கி ஒரே ஷீட்டில் போட்டு நண்பர்களோடு ஷேர் செய்யாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். எத்திக்ஸ் கமிட்டியில் வாங்கிய அனுமதி தாளுக்கு மட்டும் என்றால் ஆன்லைனுக்குத் திருத்தம் போட்டு, ஆன்லைனில் எடுக்கத் தொடங்கும் முன்பே வாங்குங்கள்.

காலம் இறுக்கம்தான், ஆனால் போதும். ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் ஃபார்ம், படம், அனுமதி. ஆவணி பிறந்ததும், அதாவது ஆகஸ்ட் 17ஐ ஒட்டி, அந்த 80 பேருக்கு முதல் சுற்று, நான்கு வாரம் கழித்துப் புரட்டாசி பிறப்பதற்குள் இரண்டாவது சுற்று, நடுவில் ரீகால்கள், விநாயகர் சதுர்த்தி கொழுக்கட்டை நாளைத் தவிருங்கள். செப்டம்பர் பாதியிலிருந்து மெயின் ஸ்டடி. ஒவ்வொரு வாரமும் கடற்கரைப் பக்கம், டவுன், உள்கிராமம் மூன்றிலும் வீடு எடுங்கள், செப்டம்பரில் டவுன், நவம்பரில் கடற்கரை என்று பிரித்தால் புரட்டாசி விரதம் முழுக்க டவுன் கணக்கில் ஏறிவிடும். தீபாவளி வாரம் எதையும் எடுக்காதீர்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் உங்கள் ஊரில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையைக் கடந்தபோது பல வீடுகளில் நிவாரணப் பொட்டலமும் பிரெட்டும்தான் சாப்பாடு, அந்த மாதிரி வாரத்தில் எடுத்த ரீகால் எதற்கும் உதவாது. அதனால் 300இல் 250ஐ அக்டோபர் முடிவுக்குள் முடிக்கப் பாருங்கள். பைலட்டில் எடுத்த 94 பேரை மெயின் ஸ்டடியில் சேர்க்க வேண்டாம், ஃபார்மே மாறப்போகிறது.